ஒரே மெஷின், இரண்டு கண்டுமுதல்

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல் வரத்து அதிகமாக இருக்கும் நாட்களில், தளவானூர் போன்ற சுற்றுவட்டாரக் கிராமங்களின் நெல் குவியல் குவியலாகக் கிடக்கும். வியாபாரிகளும் ஆலைக்காரர்களும் குவியலுக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுப்பார்கள், உள்ளங்கையில் தேய்ப்பார்கள், ஓரிரு மணியைப் பல்லில் வைத்துக் கடிப்பார்கள். பிறகு விலை சொல்வார்கள். அந்தக் கடியில் ஈரம் எவ்வளவு, பதர் எவ்வளவு, அரைத்தால் அரிசி எவ்வளவு நிற்கும் என்று மனக்கணக்கு ஓடிவிடும்.

அங்கே ஒரே குவியலிலிருந்து ஒரே விலைக்கு இரண்டு ஆலைக்காரர்கள் நெல் வாங்கிச் செல்வதாக வைத்துக்கொள்வோம். இருவரிடமும் ஒரே கம்பெனியின் மெஷின்கள். இருவருக்கும் ஒரே மின்கட்டணம், ஏறக்குறைய ஒரே கூலி. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் ஒருவர் இரண்டாவது ஆலை கட்டியிருக்கிறார். மற்றவர் வங்கிக் கடனுக்காக நிலத்தை விற்றிருக்கிறார். ஊர் இதற்கு உடனே ஒரு விளக்கம் சொல்லிவிடும்: ராசி, சூதுவாது, பிள்ளைகள் சரியில்லை. ஆனால் நெல்லும் மெஷினும் ஒன்றாக இருக்கும்போது வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பது அறிவியல் பதில் சொல்லக்கூடிய கேள்வி. கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் அதற்கு நல்ல பதில்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் மிக முக்கியமான ஒன்று இந்தியாவின் நெசவாலைகளில் கிடைத்தது.

அங்கே போவதற்கு முன், நம் கண்ணெதிரே இருக்கும் நெல்மூட்டையைப் பிரித்துப் பார்க்கலாம்.

மூட்டைக்குள் ஒரு கணக்கு

நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. தீட்டும்போது தவிடு கொஞ்சம் போகும். மீதிதான் அரிசி. அரசுக்காக நெல் அரைத்துத் தரும் ஆலைகள் 100 கிலோ நெல்லுக்குப் புழுங்கலரிசியாக 68 கிலோவும், பச்சரிசியாக 67 கிலோவும் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. இந்த விகிதத்தைத்தான் நாம் கண்டுமுதல் என்கிறோம்.

ஆனால் 68 கிலோவும் ஒரே விலைக்குப் போகாது. முழு அரிசி ஒரு விலை, குருணை வேறு விலை. நொய்யாக உடைந்தது தவிட்டோடு கலந்து வெளியே போய்விட்டால் அரிசிக் கணக்கிலேயே வராது. ஆகவே ஆலையின் லாபம் முழுவதும் ஒரே கேள்வியில் நிற்கிறது: மணி உடையாமல் வருகிறதா?

கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். முழு அரிசி கிலோ 40 ரூபாய், குருணை 22 ரூபாய். முதல் ஆலையில் 100 கிலோ நெல்லுக்கு 64 கிலோ முழு அரிசி, 4 கிலோ குருணை. மதிப்பு 2,648 ரூபாய். இரண்டாவது ஆலையில் 59 கிலோ முழு அரிசி, 8 கிலோ குருணை, இன்னொரு கிலோ தவிட்டோடு போய்விட்டது. மதிப்பு 2,536 ரூபாய். வித்தியாசம் 112 ரூபாய். நம் பக்கம் புழங்கும் 75 கிலோ மூட்டைக்கு 84 ரூபாய். மூட்டையைத் தூக்கிப் பார்ப்பவருக்கு இது ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ஆனால் நாளொன்றுக்கு 20 டன் அரைக்கும் ஆலைக்கு இது 22,400 ரூபாய். வருடத்துக்கு 250 நாள் ஓடினால் 56 லட்சம் ரூபாய். மெல்லிய லாபத்தில் ஓடும் அரிசி அரவைத் தொழிலில், இரண்டாவது ஆலை கட்டுவதற்கும் நிலத்தை விற்பதற்கும் இடையில் உள்ள தூரம் அவ்வளவுதான்.

இப்போது மணி எங்கே உடைகிறது என்று பார்ப்போம். பலர் அரவை மெஷினைக் கைகாட்டுவார்கள். பெரும்பாலும் அது அதற்கு முன்பே, உலர்த்தும் இடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. ஊறவைத்து அவித்த நெல்லில் ஈரப்பதம் முப்பது விழுக்காட்டுக்கும் மேல் இருக்கும். அதைச் சுமார் 14 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தால்தான் அரைக்க முடியும். அவிக்கும்போது மணிக்குள் இருக்கும் மாவுச்சத்து இளகி, பழைய வெடிப்புகளை ஒட்டிவிடுகிறது. புழுங்கலரிசி பச்சரிசியைவிடக் குறைவாக உடைவதற்குக் காரணம் இதுதான். ஆனால் அவசரமாக உலர்த்தினால் அந்த ஆதாயம் கைவிட்டுப் போகும். மணியின் மேற்புறம் சீக்கிரம் காய்ந்து இறுகும், உள்ளே ஈரம் தங்கும், இரண்டுக்கும் நடக்கும் இழுபறியில் மணிக்குள் மயிரிழை போன்ற கீறல்கள் விழும். வெளியிலிருந்து பார்த்தால் நெல் நன்றாகவே இருக்கும். மெஷினுக்குள் போனதும் இரண்டாக உடையும்.

மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர்கள் 1960களில் இதை நுணுக்கமாக ஆராய்ந்தார்கள். ஈரப்பதம் ஏறக்குறைய 16 விழுக்காட்டுக்கு வரும்வரை நெல்லை வேகமாக உலர்த்தினாலும் பெரிய சேதமில்லை. அதற்குக் கீழே போகும்போதுதான் ஆபத்து. அந்தக் கட்டத்தில் உலர்த்துவதை நிறுத்தி, நெல்லைக் குவித்துச் சில மணி நேரம் ஆறவிட வேண்டும். உள்ளிருக்கும் ஈரம் மெல்ல வெளியே வந்து மணி முழுவதும் சமமாகும். பிறகு மீண்டும் உலர்த்தலாம். இந்த இடைவெளிக்கு ‘ஆறப்போடுதல்’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். இதற்கு மெஷின் எதுவும் தேவையில்லை. தேவைப்படுவது எப்போது நிறுத்துவது என்று தெரிந்த ஒருவர், நிறுத்துவதற்கு அவருக்கு அதிகாரம், நெல்லைக் குவிக்க ஓர் இடம்.

அடுத்து ஷெல்லர். இரண்டு ரப்பர் ரோல்கள் எதிரெதிராக வெவ்வேறு வேகத்தில் சுழல்கின்றன. வேக வித்தியாசத்தில் உமி உரிந்து விழுகிறது. வேகமாகச் சுழலும் ரோல்தான் முதலில் தேயும். ஆகையால் அவ்வப்போது இரண்டையும் இடம் மாற்றிப் போட வேண்டும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை இறுக்கினால் ஒரே ஓட்டத்தில் எல்லா நெல்லும் உரிந்துவிடும், ஆனால் உடைசல் கூடும், ரோலும் சீக்கிரம் போகும். நல்ல ஆபரேட்டர் முதல் ஓட்டத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து, தொண்ணூறு மட்டும் உரியும்படி விட்டுவிடுவார். உரியாத நெல்லைப் பிரித்துத் திரும்ப அனுப்பத் தனி மெஷின் இருக்கிறது. இதைச் சொல்லித்தராவிட்டால் புதிதாக வந்தவர் என்ன செய்வார்? எல்லாம் உரிய வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் திருகை இறுக்குவார். அவர் எவ்வளவு சிரத்தையாக வேலை செய்கிறாரோ அவ்வளவு குருணை விழும்.

ஆக, மெஷின் ஒன்றே. அதைச் சுற்றி எடுக்கப்படும் பத்துப் பதினைந்து சிறு முடிவுகள் வேறு.

ஷாஃப்டும் பெல்ட்டும்

புதிய மெஷின் வாங்கினால் உற்பத்தி கூடும் என்று நாம் நம்புகிறோம். கூடத்தான் செய்கிறது, ஆனால் வாங்கிய அன்றே கூடுவதில்லை. வரலாற்றில் இதற்குத் தெளிவான சான்று மின்மோட்டார்.

வயதில் பெரியவர்களுக்குப் பழைய ரைஸ் மில் நினைவிருக்கும். ஒரு மூலையில் பெரிய எஞ்சின். அங்கிருந்து கட்டடம் முழுக்க நீளும் ஒரு ஷாஃப்ட். அதிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் அகலமான பெல்ட். எந்த மெஷின் எங்கே நிற்க வேண்டும் என்பதை வேலையின் வரிசை தீர்மானிக்கவில்லை, ஷாஃப்ட் தீர்மானித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்கத் தொழிற்சாலைகளும் நீராவி எஞ்சினை வைத்து இப்படித்தான் இயங்கின.

நியூயார்க்கில் எடிசனின் மின்நிலையம் 1882ல் ஓடத் தொடங்கியது. ஆனால் நூற்றாண்டு முடியும்போதுகூட அமெரிக்கத் தொழிற்சாலைகளின் இயக்கு சக்தியில் மின்மோட்டாரின் பங்கு ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு. உற்பத்தித்திறனில் பெரிய பாய்ச்சல் 1920களில்தான் வந்தது. இந்த நாற்பது ஆண்டுத் தாமதத்தைப் பொருளியல் வரலாற்றாளர் பால் டேவிட் 1990ல் ஒரு கட்டுரையில் விளக்கினார். ஆரம்பத்தில் முதலாளிகள் நீராவி எஞ்சினை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தார்கள். ஷாஃப்ட், பெல்ட், கட்டடம் எல்லாம் பழையபடியே. கரிச் செலவு கொஞ்சம் மிச்சமானது, அவ்வளவுதான். ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனியே சிறு மோட்டார் வைக்கலாம், அப்படி வைத்தால் ஷாஃப்டே தேவையில்லை, மெஷின்களை வேலை போகிற வரிசையில் நிறுத்தலாம், மாடிக்கட்டடத்துக்குப் பதில் ஒரே தளத்தில் பரந்த கூடம் கட்டலாம் என்று அடுத்தடுத்து உறைத்தபோதுதான் மின்சாரம் தன் பலனைக் காட்டியது. அதற்குக் கட்டடம் மாற வேண்டியிருந்தது, மேற்பார்வை மாற வேண்டியிருந்தது, பழைய பழக்கத்தில் வளர்ந்த தலைமுறையும் மாற வேண்டியிருந்தது.

இன்று கலர் சார்ட்டர் வாங்கும் ஆலைக்காரருக்கும் இது பொருந்தும். கேமரா ஒவ்வொரு மணியையும் பார்த்துக் கறுத்ததைக் காற்றால் ஊதித் தள்ளுகிறது, அற்புதமான கருவி. ஆனால் கறுத்த மணி ஏன் இவ்வளவு வருகிறது என்ற கேள்வியை அது கேட்பதில்லை. ஊறல் தொட்டியின் வெப்பத்தையும் நேரத்தையும் யாரும் கவனிக்காத ஆலையில், தவறை வெளியே தள்ளும் வேலையை மட்டும் அது விலையுயர்ந்த முறையில் செய்துகொண்டிருக்கும்.

மும்பைக்கு அருகே ஒரு சோதனை

மருந்தைச் சோதிக்கும்போது நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு கூட்டமாகப் பிரிப்பார்கள். ஒரு கூட்டத்துக்கு மருந்து, இன்னொரு கூட்டத்துக்கு இல்லை. பிறகு ஒப்பிடுவார்கள். ஒரு தொழிற்சாலையின் நிர்வாகத்தை இப்படிச் சோதிக்க முடியுமா? 2008ல் ஒரு குழு அதைச் செய்யத் தொடங்கியது. நிக்கோலஸ் புளூம், பென் ஐஃபர்ட், அப்ரஜித் மகாஜன், டேவிட் மெக்கென்சி, ஜான் ராபர்ட்ஸ் ஆகிய ஐவர். இடம் மும்பைக்கு அருகிலுள்ள தாராப்பூர், உம்பர்காவ் பகுதிகளின் நெசவாலைகள். 17 நிறுவனங்கள், 28 ஆலைகள். சராசரியாக ஒரு நிறுவனத்தில் சுமார் 270 பேர் வேலை செய்தார்கள். எல்லாம் குடும்பத் தொழில்.

ஆலைகளுக்குள் அவர்கள் கண்ட காட்சி நம் ஊர் ஆலைகளை அறிந்தவர்களுக்குப் புதிதாக இராது. நூல் மூட்டைகள் எது எப்போது வந்தது என்ற குறிப்பே இல்லாமல் குவிந்திருந்தன. கருவிகள் தரையில் கிடந்தன. தறி பழுதானால்தான் பழுது பார்ப்பார்கள். நெய்த துணியில் குறை வந்தால் அதைத் தனியே சரிசெய்யும் ஆட்கள் இருந்தார்கள், ஆலையின் மொத்த உழைப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இதற்கே போனது. எந்தத் தறியில், எந்த வகைக் குறை, எத்தனை முறை என்ற கணக்கு மட்டும் இல்லை.

சோதனைக்கு எடுத்துக்கொண்ட எல்லா ஆலைகளிலும் ஆலோசகர்கள் ஒரு மாதம் நிலவரத்தை ஆராய்ந்து அறிக்கை தந்தார்கள். குலுக்கலில் தேர்வான ஆலைகளில் மட்டும் மேலும் நான்கு மாதங்கள் தங்கி, 38 எளிய நடைமுறைகளைக் கொண்டுவர உதவினார்கள். தறிகளைப் பழுதாகும் முன்பே கவனிப்பது, குறைகளை வகைவாரியாகத் தினமும் எழுதுவது, அதைக் கையில் வைத்துக்கொண்டு தினமும் சில நிமிடம் கூடிப் பேசுவது, நூல் இருப்பை இடவாரியாகக் குறிப்பது, யார் பொறுப்பு எது என்று எழுதி ஒட்டுவது. இந்தப் பட்டியலில் புதிய தறி ஒன்றுகூட இல்லை.

முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 விழுக்காடு ஏறியது. துணிக் குறைகள் நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தன. நூல் இருப்பில் முடங்கிய பணம் குறைந்தது. ஆலை ஒன்றுக்கு ஆண்டு லாபம் மூன்று லட்சம் டாலருக்கும் மேல் கூடியிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். 2013ல் முடிவுகள் வெளியானபோது, நிர்வாகம் என்பது வெறும் பேச்சல்ல, அதன் பலனை அளக்க முடியும் என்று பொருளியல் உலகம் ஒப்புக்கொண்டது.

இவ்வளவு லாபம் தரும் வேலையை முதலாளிகள் ஏன் முன்பே செய்யவில்லை? ஆய்வாளர்கள் கேட்டார்கள். சிலர் இந்த முறைகளைக் கேள்விப்பட்டதே இல்லை. பலர் கேள்விப்பட்டிருந்தார்கள், தங்கள் ஆலைக்கு உதவாது என்று நினைத்தார்கள். எங்கள் தரம் பக்கத்து ஆலைக்குக் குறைந்ததில்லையே, அப்புறம் எதற்கு? குறை எவ்வளவு என்று அளக்காதவரைக்கும் குறை இருப்பதே தெரியாது. அளக்கவில்லை என்பதால் அளக்கத் தேவையில்லை என்று தோன்றியது. இந்தச் சுழலை உள்ளேயிருந்து உடைப்பது கடினம்.

இன்னொரு கண்டுபிடிப்பு என்னை மிகவும் யோசிக்க வைத்தது. இந்த நிறுவனங்கள் எவ்வளவு பெரிதாக வளர்ந்தன என்பதை எது மிகச் சரியாகக் கணித்தது தெரியுமா? குடும்பத்தில் எத்தனை ஆண்கள் என்பது. அண்ணன் ஒரு ஆலை, தம்பி ஒரு ஆலை, மகன் ஒரு ஆலை. அதற்கு மேல் நம்பி ஒப்படைக்க ஆளில்லை. வெளியாளுக்கு அதிகாரம் கொடுத்தால் திருடிவிடுவான் என்ற பயம். எழுதப்பட்ட கணக்கு இல்லாத இடத்தில் அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. சோதனை நடந்த ஆலைகளில் தினசரிக் கணக்கு கைக்கு வரத் தொடங்கியதும் முதலாளிகள் மேலாளர்களிடம் கூடுதல் முடிவுகளை விட்டார்கள். கணக்கு நம்பிக்கைக்கு இடம் கொடுத்தது. பெண் பிள்ளைகளை இந்த எண்ணிக்கையிலேயே சேர்க்காமல் விட்ட குடும்பங்கள், தங்கள் வளர்ச்சியைத் தாங்களே பாதியாக வெட்டிக்கொண்டன என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

தெரிந்தவர் ஏன் வாய் திறக்க வேண்டும்?

பாகிஸ்தானின் சியால்கோட் நகரம் கால்பந்துக்குப் பேர்போனது. பந்தின் ஐங்கோணத் துண்டுகளைச் செயற்கைத் தோலிலிருந்து வெட்டும்போது கணிசமான தோல் வீணாகிறது. ஆய்வாளர்கள் குழு ஒன்று, தோலை மிச்சப்படுத்தும் புதிய வெட்டு அச்சு ஒன்றை வடிவமைத்து 35 ஆலைகளுக்கு இலவசமாகக் கொடுத்தது. லாபம் நிச்சயம், செலவு இல்லை. ஆனாலும் பதினைந்து மாதம் கழித்தும் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆலைகளே அதைப் பயன்படுத்தின.

காரணம் வெட்டும் தொழிலாளர்களிடம் இருந்தது. அவர்களுக்குத் துண்டுக்கு இவ்வளவு என்று கூலி. புதிய அச்சு தோலை மிச்சப்படுத்தும், ஆனால் கை பழகும்வரை வேலையின் வேகத்தைக் குறைக்கும். மிச்சம் முதலாளிக்கு, நஷ்டம் தொழிலாளிக்கு. இது உதவாது என்று அவர்கள் முதலாளியிடம் சொன்னார்கள், முதலாளி நம்பினார். பிறகு ஆய்வாளர்கள் சில ஆலைகளில் ஒன்று செய்து பார்த்தார்கள்: புதிய அச்சைத் திறமையாகப் பயன்படுத்திக் காட்டினால், வெட்டுபவருக்கு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் ஒரே ஒருமுறை பரிசு. அந்த ஆலைகளில் அச்சைப் பயன்படுத்துவது தெளிவாகக் கூடியது. ஆலையின் வரவுசெலவில் அந்தத் தொகை ஒன்றுமே இல்லை.

நம் ரைஸ் மில்லுக்குத் திரும்பினால், மூட்டைக் கணக்கில் கூலி வாங்குபவரிடம் நெல்லை ஆறப்போடச் சொன்னால் என்ன நடக்கும்? அந்த நான்கைந்து மணி நேரம் அவருக்குக் கூலியில்லாத நேரம். அவர் ஈரமானியைப் பார்த்து, போதும், ஓட்டலாம் என்றுதான் சொல்வார். இதில் அவருடைய நேர்மையைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. கூலி முறை அவரிடம் கேட்டதை அவர் கொடுக்கிறார். தொழில்நுட்பத்துக்கும் தொழிலாளிக்கும் நடுவே நிற்கும் இந்தக் கூலி ஏற்பாடும் ஆலையின் அமைப்பில் ஒரு பகுதிதான். அதை மாற்றாமல் மெஷினை மாற்றுபவர்கள் ஏராளம்.

பயிற்சி எங்கே போய்ச் சேர்கிறது

பெங்களூரில் ஷாஹி எக்ஸ்போர்ட்ஸ் ஆடை ஆலைகளில் பெண் தொழிலாளர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. தையல் பயிற்சி அல்ல. பேசுவது, நேரத்தைத் திட்டமிடுவது, சிக்கலை எடுத்துச் சொல்லித் தீர்ப்பது, சொந்தப் பணத்தை நிர்வகிப்பது போன்றவை. குலுக்கல் முறையில் தேர்வானவர்களின் உற்பத்தித்திறன் பத்து விழுக்காட்டுக்கும் மேல் உயர்ந்ததை அச்யுதா அத்வர்யு உள்ளிட்ட ஆய்வாளர்கள் அளந்தார்கள். அவர்களோடு ஒரே வரிசையில் தைத்த, பயிற்சி பெறாத பெண்களின் வேலையும் மேம்பட்டது. நிறுவனம் போட்ட பணம் பலமடங்காகத் திரும்பியது.

ஊசி பிடிக்கும் கைத்திறனில் எதுவும் மாறாதபோது இது எப்படி நடந்தது? தையல் வரிசையில் ஒருவர் தைத்தது அடுத்தவருக்குப் போகிறது. நடுவில் ஒரு மெஷின் நூலறுத்துக்கொண்டே இருந்தால், சூபர்வைசர் திட்டுவாரோ என்று வாய்மூடி இருப்பவரும் கையைத் தூக்கிச் சொல்பவரும் வரிசைக்கு ஒன்றல்ல. கேட்கக்கூடிய துணிச்சல் ஒரு உற்பத்திச் சாதனம்.

ஆனால் இதே ஆய்வு காட்டிய இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. அந்தப் பெண்களின் ஊதியம் மிகச் சொற்பமாகவே உயர்ந்தது. பலனில் பெரும்பகுதி நிறுவனத்துக்குப் போனது. பயிற்சி கொடுத்தால் ஆள் வேறு இடம் போய்விடுவார் என்று பயந்து பயிற்சியே தராத முதலாளிகளுக்கு இது ஒரு பதில்: செலவு திரும்பி வருகிறது. தொழிலாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது ஒரு கேள்வி. சியால்கோட்டின் ஒரு மாதச் சம்பளப் பரிசு என்ன செய்தது என்று பார்த்தோம். பங்கு கிடைக்காத இடத்தில் கற்றதை எவ்வளவு காலம் மனமுவந்து பயன்படுத்துவார்கள்?

ஒன்றை ஒன்று பெருக்கும்போது

1990ல் பால் மில்குரோம், ஜான் ராபர்ட்ஸ் ஆகிய இருவர் நவீன உற்பத்தித் தொழிலின் பொருளியல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். பின்னாளில் மும்பைச் சோதனையை நடத்திய ஐவரில் இந்த ராபர்ட்ஸும் ஒருவர். மில்குரோம் 2020ல் வேறொரு துறைப் பணிக்காக நோபல் பெற்றார். அவர்களுடைய கருத்தைத் தமிழில் ‘இணைப்பயன்’ எனலாம்: ஒன்றைக் கூட்டும்போது மற்றொன்றின் பயனும் கூடுமென்றால் அவை இரண்டும் இணைப்பயன் உள்ளவை.

நெல்லின் ஈரமானியை வைத்து இதைப் பார்ப்போம். கருவி வாங்கியாயிற்று, ஆனால் அது காட்டும் எண்ணுக்கு என்ன பொருள் என்று யாருக்கும் தெரியாது. மேசை இழுப்பறைக்குள் போய்விடும். பொருள் தெரிந்த ஆபரேட்டர் இருக்கிறார், கருவி இல்லை. அவர் பல்லில் கடித்துப் பார்த்து, ஆறப்போடலாம் என்கிறார். லோடுக்கு லாரி நிற்கிறது, முதலாளி கேட்கவில்லை, நிரூபிக்க அவரிடம் எண் இல்லை. கருவியும் உண்டு, தெரிந்தவரும் உண்டு, ஆனால் உலர்த்தியை நிறுத்தும் அதிகாரம் முதலாளியிடம் மட்டும், அவர் அன்று திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்தில் இருக்கிறார். நெல் கீறல் விடுகிறது. மூன்றும் ஒரே இடத்தில் கூடினால்தான் மூட்டைக்கு அந்த 84 ரூபாய் கிடைக்கிறது. மூன்றில் இரண்டு இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காது. பெரும்பாலும் எதுவுமே கிடைக்காது.

பல ஆலைகளில் ‘புது மெஷின் வாங்கினோம், பயனில்லை’ என்றும், ‘பயிற்சிக்கு அனுப்பினோம், பயனில்லை’ என்றும் சொல்வதற்கு இதுவே காரணம். அவர்கள் சொல்வது பொய்யில்லை. தனித்தனியே செய்து பார்த்தார்கள், தனித்தனியே அது பயனில்லாததுதான்.

பாடியில் நடந்தது

கருவி, அறிவு, அதிகாரம் மூன்றையும் ஒன்றாகக் கூட்டுவதைத் தமிழ்நாட்டில் முழுமையாகச் செய்து காட்டிய முதல் பெரிய ஆலை சென்னை பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன். லாரிகளுக்கான காற்று பிரேக் செய்வதற்காக 1962ல் தொடங்கப்பட்டது. 1998ல் அதன் பிரேக் பிரிவு ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. இந்தியாவில் அந்தப் பரிசைப் பெற்ற முதல் நிறுவனம் அதுதான். 1951 முதல் ஜப்பானிய அறிவியலாளர், பொறியாளர் ஒன்றியம் வழங்கும் இந்தப் பரிசு, பொருளின் தரத்துக்கு மட்டும் தரப்படுவதில்லை. அந்தத் தரம் எப்படி உருவாகிறது என்பதைத் தளத்தில் நிற்கும் தொழிலாளியிடமே நேரில் கேட்டு, பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மேலாளர் மட்டும் விளக்கத் தெரிந்த ஆலை தேறாது.

அதற்குப் பின் சில ஆண்டுகளில் டிவிஎஸ் மோட்டார், ரானே பிரேக் லைனிங் என்று சென்னை, ஓசூர் வட்டாரத்து நிறுவனங்கள் வரிசையாக அதே பரிசைப் பெற்றன. இந்த நெருக்கம் தற்செயலல்ல. ஒரு ஆலையில் கற்றவர் அடுத்த ஆலைக்குப் போகிறார். பெரிய ஆலை தனக்கு உதிரிபாகம் தரும் சிறிய ஆலைகளிடமும் அதே முறையை எதிர்பார்க்கிறது, கற்றும் தருகிறது.

நெல்லுக்கும் இப்படி ஒரு பள்ளி நம்மிடம் உண்டு. 1967ல் திருவாரூரில் கூட்டுறவு நவீன அரிசி ஆலை வளாகத்துக்குள்ளேயே ஓர் ஆய்வுக்கூடமாகத் தொடங்கிய நிறுவனம், நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாக வளர்ந்து, இன்று தஞ்சாவூரில் தேசிய நிறுவனமாக இயங்குகிறது. ஓடும் ஆலைக்குள்ளிருந்தே தொடங்கியது அதன் பலம்.

சிறிய ஆலைக்கு யார் வருவார்?

மும்பைச் சோதனையில் ஆலோசனையின் சந்தை மதிப்பு ஆலைக்கு இரண்டரை லட்சம் டாலர். செஞ்சிப் பக்கத்து அரிசி ஆலைக்காரர் எவரும் அந்தத் தொகையைக் கனவிலும் கொடுக்க மாட்டார். கொடுத்தாலும் அது நிலைக்குமா? ஆய்வாளர்கள் ஒன்பது ஆண்டு கழித்து, 2017ல் அதே நெசவாலைகளுக்குத் திரும்பிப் போனார்கள். கொண்டுவந்த நடைமுறைகளில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தன. பொறுப்பான மேலாளர் வேலையை விட்டுப் போனதும், முதலாளிக்கு நேரமில்லாமல் போனதும் முக்கியக் காரணங்கள். ஆனால் மீதிப் பாதி நின்றது, ஒப்பீட்டு ஆலைகளைவிட இவை இன்னும் தெளிவாக முன்னே இருந்தன. சோதனைக்கு உட்படாத தங்கள் மற்ற ஆலைகளுக்கும் அந்த நிறுவனங்கள் இந்த முறைகளைத் தாங்களாகவே எடுத்துச் சென்றிருந்தன.

செலவுக்கு ஒரு வழி இருக்கிறது. விரயத்தைக் குறைக்கும் முறைகளைப் பரப்பும் மத்திய சிறுதொழில் அமைச்சகத்தின் லீன் திட்டம், சிறு ஆலைகள் குழுவாகச் சேர்ந்து ஓர் ஆலோசகரைப் பகிர்ந்துகொள்ளும் எண்ணத்தோடு தொடங்கியது. 2023ல் புதுப்பிக்கப்பட்ட வடிவில் ஆலோசனைச் செலவில் 90 விழுக்காட்டை அரசே ஏற்கிறது. பணத்தைவிடப் பெரிய தடை வேறு. காலையில் விற்பனைக்கூடத்தில் ஒரே குவியலுக்குப் போட்டி போட்ட இரண்டு ஆலைக்காரர்கள், மாலையில் ஒருவர் களத்துக்குள் ஒருவர் வந்து பார்க்கச் சம்மதிக்க வேண்டும். விற்பனை விலையையோ வாங்குபவர் பெயரையோ காட்ட வேண்டியதில்லை. காட்ட வேண்டியது ஒரு பக்க நோட்டு: என்ன ரக நெல், எத்தனை விழுக்காடு ஈரத்தில் உலர்த்தியை நிறுத்தினோம், எத்தனை மணி நேரம் ஆறப்போட்டோம், ரோலை எப்போது மாற்றினோம், நூறு கிலோவுக்கு எத்தனை கிலோ குருணை. அந்த நோட்டை ஆபரேட்டரே தன் கையால் எழுதி, குருணை குறைந்த மாதத்தில் அவருக்கும் ஒரு பங்கு கிடைக்கும் என்று சொல்லி வைத்தால், அடுத்த பருவ நெல் வருவதற்குள் இரண்டு ஆலைகளிலும் ஒப்பிட்டுப் பார்க்க எண்கள் சேர்ந்திருக்கும்.